அத்தியாயம் 7: கம்பி ரேட்டும் கம்பெனிக் கணக்கும்

வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். அஸ்திவாரத்துக்கு வாங்கியபோது கம்பி ஒரு ரேட், ரூஃப் கான்கிரீட் போடும்போது வேறு ரேட். கடையில் கொட்டேஷன் கேட்டால், "இன்னிக்கு ரேட் இது சார், நாளைக்குக் காலையில ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கங்க" என்பார்கள். செங்கல்லும் ஜல்லியும்கூட விலை ஏறும். ஆனால் ஏறினால் ஏறியதுதான். கம்பிதான் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அதனால்தான் அனுபவப்பட்ட மேஸ்திரி, "இப்ப உச்சத்துல இருக்கு, ஒரு மாசம் பொறுங்க" என்று சொல்லத் துணிகிறார்.

இவ்வளவு தெரிந்தவர், உருக்கு நிறுவனப் பங்கை வாங்கும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறார். 'லாபம் இரண்டு மடங்கு' என்று செய்தி வந்ததும் வாங்குகிறார். அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. கம்பிக் கடையில் அவர் கூடுதலாகக் கொடுத்த பணமும் அதற்குள்தான் இருக்கிறது. கம்பி வாங்கும்போது உச்சம் என்று பயந்த அதே விலையை, பங்கு வாங்கும்போது வளர்ச்சி என்று நம்புகிறார்.

உருக்கு நிறுவனத்தின் கணக்கை ஏழு படிகளில் படிக்க இந்த அத்தியாயம் கற்றுக்கொடுக்கும். உதாரணம் டாடா ஸ்டீல். 1907-ல் தொடங்கிய நிறுவனம். அதன் நான்கு ஆண்டுக் கணக்கில், உருக்குத் தொழிலின் ஏற்றம், இறக்கம், கடன், வெளிநாட்டுச் சுமை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இந்தப் பங்கை வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ இங்கே சொல்லவில்லை. படிக்கும் முறைதான் பாடம்.

படி 1: நான்கு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஒரு காலாண்டை மட்டும் பார்த்து உருக்கு நிறுவனத்தை எடைபோட முடியாது. குறைந்தது நான்கு ஆண்டுகள் வேண்டும். டாடா ஸ்டீலின் ஒருங்கிணைந்த கணக்கு, அதாவது துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு, இது (ரூபாய் கோடியில்):

| நிதியாண்டு | விற்பனை | எபிட்டா | நிகர லாபம் | நிகரக் கடன் |
|---|---|---|---|---|
| 2021-22 | 2,43,959 | 63,830 | 41,749 | 51,049 |
| 2022-23 | 2,43,353 | 32,698 | 8,075 | 67,810 |
| 2023-24 | 2,29,171 | 23,402 | நஷ்டம் 4,910 | 77,550 |
| 2024-25 | 2,18,543 | 25,802 | 3,174 | 82,579 |

எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம். நிகரக் கடன் என்பது மொத்தக் கடனில் கையிருப்புப் பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது.

முதல் இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். விற்பனை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. வித்தியாசம் 606 கோடி. லாபமோ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மளிகைக் கடையிலோ மருந்துக் கம்பெனியிலோ விற்பனை மாறாமல் லாபம் இப்படி விழுந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று நினைப்போம். உருக்கில் இது தொழிலின் இயல்பு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2025-26-ன் முதல் காலாண்டில் நிகர லாபம் 2,007 கோடி. முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் 919 கோடி. இரண்டு மடங்குக்கு மேல். விற்பனையோ சுமார் 3 சதவிகிதம் குறைந்திருந்தது. இந்தத் தொழிலில் லாபத்தையும் விற்பனையையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்க்கக் கூடாது.

படி 2: இடைவெளியைத் தேடுங்கள்

லாபம் வேறு எங்கே பிறக்கிறது? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்.

ஊது உலை முறையில் ஒரு டன் உருக்கு செய்ய, சுமார் ஒன்றரை டன் இரும்புத்தாதும் முக்கால் டன்னுக்குச் சற்று மேல் கோக்கிங் நிலக்கரியும் வேண்டும். உருக்கு, தாது, நிலக்கரி ஆகிய மூன்றின் விலையும் உலகச் சந்தையில் தனித்தனியாக ஆடுகின்றன. மூன்றையுமே நிறுவனம் தன் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு டன் உருக்கின் விற்பனை விலை 60,000 ரூபாய், அடக்கச் செலவு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 10,000. விலை 10 சதவிகிதம் மட்டும் இறங்கி 54,000 ஆகிறது, செலவு மாறவில்லை. லாபம் 4,000. விலை இறங்கியது 10 சதவிகிதம், லாபம் இறங்கியது 60 சதவிகிதம். விலை 10 சதவிகிதம் ஏறியிருந்தால் லாபம் 60 சதவிகிதம் ஏறியிருக்கும். 'பிரமாதமான வளர்ச்சி' என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும். நிர்வாகம் கூடுதலாக ஒரு வேலையும் செய்திருக்காது.

2022-ல் இந்த இடைவெளிதான் சுருங்கியது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு, மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலிய கோக்கிங் நிலக்கரியின் விலை டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. கப்பலில் வரும் நிலக்கரி இன்றைக்கு வாங்கினால் இன்றைக்கே உலைக்குள் போகாது. பயணம், துறைமுகம், யார்டு என்று இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த விலை உயர்ந்த நிலக்கரி உலைக்குள் போன நேரத்தில், மே மாதம், மத்திய அரசு உருக்கு ஏற்றுமதிக்கு 15 சதவிகித வரி போட்டது. ஏற்றுமதி அடைபட, உள்நாட்டில் சரக்கு தேங்கி விலை சரிந்தது. செலவு உச்சத்தில், விலை சரிவில்: இடைவெளி இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டது. வரியை நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் பாதி ஆண்டு போய்விட்டது.

செய்ய வேண்டியது: காலாண்டு முடிவைப் படிக்கும்போது, கடந்த மூன்று மாத நிலக்கரி விலையைப் பார்க்காதீர்கள். அதற்கும் முந்தைய மூன்று மாத விலையைப் பாருங்கள். அதுதான் இந்தக் காலாண்டின் செலவு.

படி 3: டன்னுக்கு என்ன என்று வகுத்துப் பாருங்கள்

கோடிகளைப் பார்த்தால் தலை சுற்றும். டன்னாக்கினால் தெளியும். எபிட்டாவை விற்ற டன்னால் வகுத்தால் போதும்.

2021-22-ல் டாடா ஸ்டீல் விற்றது 2.95 கோடி டன். 63,830-ஐ வகுத்தால் டன்னுக்குச் சுமார் 21,600 ரூபாய். அடுத்த ஆண்டு 2.88 கோடி டன், டன்னுக்குச் சுமார் 11,400. அதற்கடுத்த ஆண்டு 2.94 கோடி டன், சுமார் 8,000. 2024-25-ல் 3.1 கோடி டன், சுமார் 8,300.

விற்ற எடை மூன்று ஆண்டில் 5 சதவிகிதம் கூடியிருக்கிறது. டன்னுக்கான லாபம் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. 'உற்பத்தியில் சாதனை' என்று அறிக்கை வரும்போது இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுவிடுங்கள். நிறைய விற்பதும் நன்றாகச் சம்பாதிப்பதும் ஒன்றல்ல.

படி 4: தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு இரண்டையும் திறங்கள்

2024-25-ல் டாடா ஸ்டீலின் தனிக் கணக்கு லாபம் 13,970 கோடி. ஒருங்கிணைந்த கணக்கில் 3,174 கோடி. நடுவில் இருந்த பத்தாயிரம் கோடி எங்கே போனது?

அதைப் புரிந்துகொள்ள 2007-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த ஏலத்தில், பிரேசிலின் சி.எஸ்.என். நிறுவனத்தை முந்தி, ஆங்கிலோ-டச்சு நிறுவனமான கோரஸைப் பங்குக்கு 608 பென்ஸ் கொடுத்து டாடா ஸ்டீல் வாங்கியது. மொத்தம் சுமார் 1,200 கோடி டாலர். உருக்குச் சந்தை உச்சத்தில் இருந்த நேரம். அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்தது. கோரஸிடம் சொந்தச் சுரங்கம் இல்லை. தாது, நிலக்கரி இரண்டையும் வாங்கித்தான் ஆக வேண்டும். இந்தியாவிலோ நிறுவனத்தின் இரும்புத்தாது முழுவதும் ஜார்க்கண்ட், ஒடிசாவில் உள்ள சொந்தச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. சொந்த வயலில் நெல் விளைகிறவருக்கும் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே தனிக் கணக்கு, பெருமளவு இந்தியத் தொழிலின் நிலையைக் காட்டும். ஒருங்கிணைந்த கணக்கு, இந்தியா சம்பாதித்ததில் வெளிநாடு எவ்வளவு தின்றது என்பதைக் காட்டும். பங்குதாரராக உங்களுக்குச் சொந்தமானது இரண்டாவதுதான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிரிட்டனில் வந்த நஷ்டத்தை இந்திய லாபத்தில் கழித்து இங்கே வரியைக் குறைக்க முடியாது. குழுமம் மொத்தத்தில் நஷ்டம் கண்ட ஆண்டிலும் இந்தியாவில் வரி கட்டியாக வேண்டும்.

படி 5: 'ஒருமுறை' என்று சொல்லும் செலவைக் குறித்து வையுங்கள்

2023-24-ன் இரண்டாம் காலாண்டில் நிறுவனம் 6,511 கோடி நஷ்டம் காட்டியது. அந்தக் காலாண்டின் 'ஒருமுறை'ச் செலவு மட்டும் 6,899 கோடி; பெரும்பாலும் பிரிட்டன் ஆலையின் மதிப்பைக் குறைத்ததும் மறுசீரமைப்புக்கு ஒதுக்கியதும். அன்றாடத் தொழிலில் போன பணம் அல்ல. அதே ஆண்டில் நெதர்லாந்தின் ஐமாய்டன் ஆலையில் ஓர் ஊது உலையைப் பல மாதம் நிறுத்தி உட்சுவரைப் புதுப்பித்தார்கள். அதனால் உற்பத்தி குறைந்தது.

இப்படிப்பட்ட செலவைக் கழித்துவிட்டுப் பார்ப்பது சரியே. ஆனால் ஒரு நிபந்தனை. கடந்த பத்து ஆண்டில் எத்தனை முறை 'ஒருமுறைச் செலவு' வந்தது என்று எண்ணுங்கள். கல்யாணச் செலவு ஒருமுறை வரலாம். வருடாவருடம் வந்தால் அது குடும்பச் செலவு.

மறுபக்கம், நஷ்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் 'வளர்ச்சி'யையும் நம்பாதீர்கள். பள்ளத்திலிருந்து ஏறும் எல்லாமே உயரமாகத் தெரியும். 2024-25-ன் 3,174 கோடியை முந்தைய ஆண்டின் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் மீட்சி. 2021-22-ன் 41,749 கோடியோடு ஒப்பிட்டால் பதின்மூன்றில் ஒரு பங்கு. இரண்டுமே உண்மை. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைக் கவனிப்பது உங்கள் வேலை.

படி 6: கடனை லாபத்தால் அளங்கள்

ஆலை கட்டக் கடன் வாங்குவார்கள், போட்டி நிறுவனத்தை வாங்கக் கடன் வாங்குவார்கள். 2018-ல் திவாலான பூஷன் ஸ்டீலை வாங்க, கடன் கொடுத்த வங்கிகளுக்கு டாடா ஸ்டீல் சுமார் 35,200 கோடி கொடுத்தது. 2022-ல் ஒடிசாவின் நீலாச்சல் இஸ்பாத்துக்கு 12,100 கோடி. இவை இந்தியாவிலேயே திறனைக் கூட்டின. கடன் வாங்கியது தவறு என்று சொல்ல முடியாது. எந்தக் காலத்தில் அதைச் சுமக்கிறார்கள் என்பதே கேள்வி.

அளவுகோல் எளிது: நிகரக் கடனை எபிட்டாவால் வகுங்கள். 2021-22-ல் விடை 0.8. அடுத்த ஆண்டு 2.1. பிறகு 3.3. 2024-25-ல் 3.2. கடன் கூடியது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். விகிதம் கூடியதோ நான்கு மடங்கு. ஏனென்றால் கீழே இருக்கும் எபிட்டா சுருங்கிவிட்டது. உருக்குத் தொழிலில் மூன்றைத் தாண்டினாலே விழித்துக்கொள்ள வேண்டும்.

2023-24-ன் எபிட்டா 23,402 கோடி. அதில் வட்டிக்குச் சுமார் 7,500 கோடி, தேய்மானத்துக்குச் சுமார் 9,900 கோடி. மிஞ்சியது 6,000 கோடி. அதைத்தான் பிரிட்டன் செலவும் வரியும் விழுங்கி நஷ்டத்தில் கொண்டுபோய்விட்டன. விலை ஏறினாலும் இறங்கினாலும் வட்டிக்காரருக்கு மாதம் பிறந்தால் பணம் போயாக வேண்டும்.

படி 7: பி.இ விகிதத்தைத் தலைகீழாகப் படியுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

2021-22-ல் ஒரு பங்குக்கான லாபம் சுமார் 332 ரூபாய். 2022 மார்ச் இறுதியில் பங்கு விலை 1,300 ரூபாய் சுற்றில். அப்படியென்றால் பி.இ, அதாவது பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வரும் விகிதம், நான்குக்கும் கீழே. மற்ற துறைகளில் பங்கு இருபது, முப்பது மடங்கில் விற்கும்போது நான்கு மடங்கில் கிடைக்கிறது என்றால் யாருக்கும் கை அரிக்கும். அடுத்த ஆண்டு லாபம் ஐந்தில் ஒரு பங்கானது.

சந்தைக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அந்த 332 ரூபாய் திரும்ப வராது என்று நினைத்ததால்தான் நான்கு மடங்குக்கு மேல் கொடுக்க மறுத்தது.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 2022 ஜூலையில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தார்கள். 2024 மார்ச் இறுதியில், நஷ்ட ஆண்டு முடியும்போது, பங்கு 155 ரூபாய் சுற்றில் இருந்தது. பழைய கணக்கில் 1,550. சாதனை லாபம் வந்த ஆண்டின் முடிவைவிட நஷ்ட ஆண்டின் முடிவில் விலை அதிகம்! சந்தை பழைய கணக்கைப் பார்க்கவில்லை. அடுத்து வரும் ஆண்டுகளைப் பார்த்தது.

எனவே உருக்குப் பங்கில் பி.இ மிகக் குறைவாக இருந்தால், 'மலிவு' என்று முடிவு கட்டுவதற்கு முன் 'உச்சமா?' என்று கேளுங்கள். ஓர் ஆண்டு லாபத்துக்குப் பதிலாக ஏழெட்டு ஆண்டுகளின் சராசரி லாபத்தை வைத்து பி.இ போட்டுப் பாருங்கள். டிவிடெண்டையும் இப்படியே பாருங்கள். 2021-22-க்குப் பங்குக்கு 51 ரூபாய், அதாவது பிரித்த பிறகான கணக்கில் 5.10. அதன் பிறகு மூன்று ஆண்டுகளும் 3.60. நம்ப வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான்.

வரும் ஆண்டுகள்: எதை நம்பலாம், எதைக் கவனிக்கலாம்

எதிர்காலம் பற்றிப் பேசும்போது, நிறுவனத்தின் கையில் இருப்பதையும் இல்லாததையும் இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள்.

கையில் இருப்பவை: ஒடிசாவின் கலிங்கநகரில் ஆண்டுத் திறன் 30 லட்சம் டன்னிலிருந்து 80 லட்சமாகிறது, புதிய ஊது உலை 2024 செப்டம்பரில் தொடங்கியது. கட்டடக் கம்பி செய்ய லூதியானாவில் 7.5 லட்சம் டன் மின் உலை. பிரிட்டனின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊது உலை 2024 செப்டம்பர் 30-ல் அணைந்தது. அங்கே 125 கோடி பவுண்டு செலவில் மின் வில் உலை வருகிறது. அதில் 50 கோடி பவுண்டு பிரிட்டிஷ் அரசின் மானியம். அது ஓடத் தொடங்கும்வரை அங்கே வெளியில் வாங்கிய உருக்கைத்தான் தகடாக உருட்ட வேண்டும்.

கையில் இல்லாதவை: 2024-ல் சீனா 11 கோடி டன்னுக்கு மேல் உருக்கை ஏற்றுமதி செய்தது, 2015-க்குப் பிறகு அதுவரை இல்லாத அளவு. அங்கே வீடு கட்டும் தொழில் படுத்ததால், விற்காத சரக்கு நம் பக்கம் வருகிறது. இதைத் தடுக்க இந்தியா 2025 ஏப்ரலில், சில வகைத் தகட்டு உருக்கின் இறக்குமதிக்கு 12 சதவிகிதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம எல்லை வரி 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தேதி: 2030 மார்ச் 31. பழைய சொந்தச் சுரங்கக் குத்தகைகள் அன்றோடு முடிகின்றன. அதன் பிறகு தாது என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைப் பொறுத்துத்தான், சொந்த வயல் வைத்திருந்தவரின் வசதி நீடிக்குமா என்பது தெரியும். காலாண்டுச் செய்திகளில் இந்தத் தேதி அதிகம் வராது. நீங்கள் குறித்து வையுங்கள்.

சிமென்டுக்கும் இதே அளவுகோலா?

பாதி. டன்னுக்கு எபிட்டா என்ற கணக்கு சிமென்டுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே அது ஆயிரம் ரூபாய் சுற்றில்தான் இருக்கும். சிமென்ட் எடை அதிகம், விலை குறைவு. லாரி வாடகை தாங்காது என்பதால் தூரத்துக்கு அனுப்ப முடியாது. எனவே சீனாவைப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டத்து ஆலையைப் பார்த்தால் போதும். உலை எரிபொருளான பெட்கோக்கின் விலை, டீசல் விலை, மழைக்காலம் ஆகிய மூன்றும் முக்கியம். ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர் விற்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். 2024 டிசம்பரில் சென்னையின் இந்தியா சிமென்ட்ஸை அல்ட்ராடெக் வாங்கியதை அந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஏதேனும் ஓர் உருக்கு நிறுவனத்தின் எட்டு ஆண்டு அறிக்கையை எடுங்கள். மேலே உள்ள அட்டவணையைப் போல் ஒன்று போடுங்கள். 'டன்னுக்கு எபிட்டா', 'கடன் வகுத்தல் எபிட்டா' என்று இரண்டு பத்தி கூடுதலாகச் சேருங்கள்.

2. எட்டு ஆண்டுச் சராசரி லாபத்தை வைத்து இன்றைய பி.இ-யைக் கணக்கிடுங்கள். செய்தியில் போட்டிருக்கும் பி.இ-யோடு எவ்வளவு வித்தியாசம் என்று எழுதுங்கள்.

3. தனிக் கணக்கு லாபத்துக்கும் ஒருங்கிணைந்த லாபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். விளக்க முடியாவிட்டால் அந்தப் பங்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

4. தெருமுனைக் கம்பிக் கடைக்குப் போய் இன்றைய டி.எம்.டி ரேட்டைக் கேளுங்கள்; பெரிய ஆலைக் கம்பிக்கும் சிறு உலைக் கம்பிக்கும் தனித்தனியாக. ஆறு மாதம், மாதம் ஒருமுறை, நோட்டில் குறித்து வாருங்கள். டாடா ஸ்டீல் போன்ற நிறுவனங்கள் விற்பதில் பெரும்பகுதி தகடுதான், கம்பி அல்ல. அதனால் இந்த நோட்டு லாபத்தைத் துல்லியமாகச் சொல்லாது. ஆனால் அடுத்த முறை 'லாபம் இரண்டு மடங்கு' என்று செய்தி வரும்போது, அந்த மூன்று மாதம் கடையில் என்ன ரேட் இருந்தது என்று புரட்டிப் பாருங்கள். கடைக்காரர் "இப்ப வேண்டாம் சார், கொஞ்சம் பொறுங்க" என்று சொன்ன மாதமாக அது இருந்தால், அந்த யோசனை பங்குக்கும் சேர்த்துத்தான்.